கடலுக்குள் நட்ட புல்

மூச்சுக்குழாயைப் பல்லால் கடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டேன். கீழே எங்கள் புல்வெளி அசைந்துகொண்டிருந்தது. அதன் நடுவே ஒரு வழுக்கைப் பாதை.

முதலில் என் நிழல்தான் விழுகிறது என்று நினைத்தேன். கொஞ்சம் தள்ளி நீந்திப் பார்த்தேன். நான் நகர்ந்தேன், பாதை நகரவில்லை. முடிதிருத்துகிறவர் மெஷினை வைத்து ஒரே இழுப்பில் இழுத்ததுபோல வளைந்து வளைந்து போனது. புல்லும் இல்லை, வேரும் இல்லை. வெள்ளை மணல் மட்டும் தெரிந்தது.

கால் ஊன்றி எழுந்து நின்றேன். தண்ணீர் கழுத்தளவு. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி சிலுவக்கா நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "என்னளா, பேயறைஞ்ச மாதிரி நிக்க?" என்றாள்.

"நம்ம புல்ல யாரோ வேரோட சுரண்டிட்டுப் போயிருக்காவ அக்கா."

அவள் என்னிடமிருந்த கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு முங்கினாள். வெகுநேரம் எழவில்லை. எழுந்து கண்ணாடியைக் கழற்றியபோது கன்னத்தில் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கடல் நீரா கண்ணீரா என்று நான் கேட்கவில்லை.

தையல்காரிக்குக் கடலில் என்ன வேலை?

இந்தத் தொடரில் இதுவரை கல்யாண கவுன்களைப் பற்றித்தான் எழுதிவந்தேன். தூத்துக்குடிக் கடற்கரைத் தெருக்களில் நான் தைத்த வெள்ளை கவுனில் கோவிலுக்குள் போன பெண்களின் பிள்ளைகளே இப்போது கல்யாண வயதுக்கு வந்துவிட்டார்கள். சாட்டின், லேஸ், முத்துக் கோத்த கழுத்து என்று இருந்தவள் கழுத்தளவு நீரில் ஏன் நிற்கிறாள் என்று உங்களுக்குத் தோன்றும். அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

என் கணவர் லாசர் நண்டு வலைக்காரர். எங்கள் கரையிலிருந்து சற்று உள்ளே, தீவுகளுக்கு இப்புறம், அலை அடங்கிய ஆழமில்லாத கடல் இருக்கிறது. அதன் அடியில் புல் வளர்ந்து கிடக்கும். தாழை என்பார்கள் எங்கள் ஆட்கள். புள்ளி நண்டு குஞ்சாக இருக்கும்போது ஒளிந்து வளர்வது அதற்குள்தான். நாங்கள் சோறு தின்றதும் அந்தப் புல்லால்தான். ஆனால் அப்படி ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. காலில் சிக்கும், வலையில் சிக்கும், உதறிவிட்டுப் போவோம்.

ஒரு கோடையில் அவர் வலை போட்டுவிட்டு வந்து, துவாலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏளா ஜெசிந்தா, கடத்தண்ணி சுடுது."

வெயில் காலத்தில் சுடாமல் என்ன செய்யும் என்று நான் தையல் மெஷினை விட்டு நிமிரவில்லை.

"மேலாக இல்லளா. அடியிலயும் சுடுது. குளிக்கதுக்கு விளாவி வச்ச வெந்நி மாதிரி இருக்கு."

அந்தச் சூடு வாரக்கணக்கில் இறங்கவே இல்லை. தீவுகளைச் சுற்றி இருக்கும் பவளப்பாறைகள் வெளுத்து எலும்பாக நிற்கின்றன என்று சங்கு குளிக்கிறவர்கள் வந்து சொன்னார்கள். பிறகு எங்கள் கரையில் புல் ஒதுங்கத் தொடங்கியது. வடிகட்டிய தேயிலைச் சக்கை போலப் பழுப்பாகக் குவிந்து குவிந்து கிடந்து அழுகியது. அந்த நாற்றம் என் கடைக்குள் வந்து வெள்ளைத் துணியில் ஏறிக்கொண்டது. ஒரு மணப்பெண்ணின் அம்மா கவுனை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். ஊதுபத்திப் புகை காட்டி அனுப்பிவைத்தேன்.

அடுத்து வந்த மழைக்காலத்தில், யாரும் பார்த்திராத மழை ஒன்று பெய்தது. ஆற்றோடு வந்த சேறெல்லாம் கடலில் இறங்கி, மிச்சமிருந்த புல்லையும் மூடியது. நண்டு போயிற்று. லாசரும் போனார். மங்களூர்ப் பக்கம் விசைப்படகில் கூலிக்கு ஏறினார். எங்கள் தெருவில் அவர் மட்டுமல்ல. மாலையில் தெருவில் ஆண்குரல் கேட்டால் யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற நிலைமை ஆகிவிட்டது.

நாற்று நட வந்தவள்

அப்போதுதான் கல்யாணி வந்தாள். நகரத்தில் இருக்கும் கடல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை. தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊரில் பிறந்தவள். ஸ்கூட்டியை என் கடை வாசலில் நிறுத்தி, "அக்கா, உங்க தெருவுல கை சுருக்கா வேலை செய்யுத பொம்பளைங்க கொஞ்சம் பேரு வேணும்" என்றாள்.

"எதுக்கு?"

"கடலுக்குள்ள புல்லு நடணும்."

உள்ளே ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்திருந்த சிலுவக்கா வாய்விட்டுச் சிரித்தாள். எங்கள் தெருவில் சிலுவக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. வலை பின்னுவாள், சண்டை போடுவாள், யார் வீட்டுச் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் அடுப்பு மூட்டுவாள். அவள் மகனும் அப்போது கொச்சியில் படகுக் கூலிக்குத்தான் போயிருந்தான்.

கல்யாணி சிரிப்புக்குக் கோபப்படவில்லை. மிளகாய் வற்றல் விற்க வந்தவள்போல நிதானமாக உட்கார்ந்து பேசினாள்.

"கடல் சூடாகிட்டே வருதுக்கா. நானும் நீங்களும் சேந்து அத நாளைக்கே நிறுத்திர முடியாது. ஆனா புல்லு வேர் பிடிச்சு நின்னா அடிமணல் நிக்கும். அலை வேகம் தணியும். குஞ்சு நண்டு ஒதுங்கும். நல்லா இருக்குத இடத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா புல்லு எடுத்து, செத்த இடத்துல நடணும். எங்க ஊர்ல நாத்தங்கால்ல பிடுங்கி வயல்ல நடுவாவல்லா, அதே மாதிரிதான்."

"வயல்ல சேறு இருக்கும். இங்கன அலையில்லா இருக்கு" என்றாள் சிலுவக்கா.

"அதுக்குத்தான் கட்டணும்."

மூங்கில் சட்டத்தில் குறுக்கும் நெடுக்கும் சணல் கயிறு ஓட்டி, அதில் புல்லை ஒவ்வொன்றாகக் கட்டி, சட்டத்தோடு கடலடியில் இறக்கி முளையடிக்க வேண்டும். சணல் மக்கிப்போவதற்குள் வேர் மணலைப் பிடித்துக்கொள்ளும். வனத்துறையிடம் அனுமதி வாங்கியிருந்தாள். ஆள்தான் வேண்டும்.

நான் ஒத்துக்கொண்டது கடலுக்காக என்று சொன்னால் பொய். லாசர் திரும்பி வர வேண்டும். அதற்கு நண்டு வர வேண்டும். நண்டுக்குப் புல் வேண்டும். என் கணக்கு அவ்வளவுதான்.

மாதா எதில் வந்தாள்?

புல் கட்டுவதில் நான்தான் முதலில் கெட்ட பேர் வாங்கினேன். தையல்காரி இல்லையா, இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டேன். கவுனில் ஒரு முத்து உதிர்ந்தாலும் மானம் போய்விடும் என்று பழகிய கை. மறுநாள் பார்த்தால் நான் கட்டியவை எல்லாம் கழுத்து நெரிபட்டுத் துவண்டு கிடந்தன. "கைக்குழந்தைக்கு அரைஞாண் கட்டுத மாதிரி கட்டுங்கக்கா. கழண்டும் போகக்கூடாது, இறுக்கவும் கூடாது" என்று கல்யாணி சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பக்குவம் கைக்கு வர ஒரு வாரம் பிடித்தது.

கட்டுவது கரையில், ஈரச் சாக்குக்கு அடியில். இறக்குவது கடலில். அங்கேதான் சிக்கல் வந்தது.

எங்கள் தெருவில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. யார் போட்ட சட்டம் என்று தெரியாது. ஏறினால் வலையில் மீன் படாது என்பார்கள். ஊரில் மிச்சமிருந்த பெரியவர்கள் நாலு பேர் கரைக்கு வந்து நின்றார்கள். அதில் ஒருவர், "காலங்காலமா இல்லாத பழக்கம். கடலுக்கு ஆகாது" என்றார்.

சிலுவக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். நம்ம மாதா சுரூபம் இந்த ஊருக்கு எதுல வந்துச்சு? பஸ்ஸுலயா வந்துச்சு?"

பெரியவர் கோவில் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கப்பல் ஏறித்தான வந்தா? அவ பொம்பள இல்லையா? அவ வந்ததுல கடலுக்கு என்ன ஆகாமப் போச்சு? நாங்க ஏறாமலே இருந்தமே, இப்ப உங்க வலையில என்ன பட்டுக் கிழியுது?"

பின்னால் நின்ற பெண்கள் ஓவென்று சிரித்துவிட்டார்கள். பெரியவருக்கும் உதட்டோரம் துடித்தது. "போங்கம்மா, போயிட்டு வாங்க. பாத்துப் போங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அடுத்த தொல்லை உடுப்பு. முதல் நாள் நைட்டியோடு இறங்கினோம். தண்ணீருக்குள் நைட்டி பலூன்போல ஊதிக்கொண்டு எழும்பியது. ஒரு கையால் சட்டத்தைப் பிடிப்பதா, மானத்தைப் பிடிப்பதா? அன்றைக்கே கடையில் உட்கார்ந்து எல்லோருக்கும் அளவெடுத்தேன். கணுக்காலில் இறுகும் கால்சட்டை, முழங்கை வரை சட்டை, ஓரமடிப்புக்குள் வலையில் கட்டும் ஈயக்குண்டுகள். என் வாழ்நாளில் நான் தைத்த மிக அவலட்சணமான உடுப்பு அது. போட்டுக்கொண்டு வரிசையாக நின்றபோது காவல்துறைத் தேர்வுக்கு வந்தவர்கள்போல இருந்தோம்.

பட்டுப்போன முதல் நடவு

முதல் நடவு செத்துவிட்டது. மறைக்க ஒன்றுமில்லை.

பங்குனி வெயில் ஏறியதும் கடல் மறுபடி கொதித்தது. நாங்கள் இறக்கிய சட்டங்களில் வெறும் சணல்தான் மிஞ்சியது. அன்று அதை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வந்தோம். போனில் லாசர், "அப்பவே சொன்னேம்லா. கடவுள் நட்டதையே சூடு தின்னுட்டு. நீ நட்டதையா விடப் போவுது?" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. களைப்புத்தான் இருந்தது. அது எனக்கு இன்னும் வலித்தது.

கல்யாணி மறுவாரம் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "இடமும் தப்பு, நேரமும் தப்பு அக்கா. என் தப்புதான்" என்றாள். அப்புறம், "எங்க ஐயாவுக்கு ஒரு வருசம் நாத்து முழுக்கப் பட்டுப்போச்சு. வயல விக்கல. மறுபடி விதைச்சாரு" என்றாள்.

"அப்ப நாமளும் விதைப்போம். அதுக்கு ஏன் அழுத?" என்றாள் சிலுவக்கா.

இந்த முறை பார்த்துப் பார்த்துச் செய்தோம். அவ்வளவு சூட்டிலும் சாகாமல் அங்கங்கே தப்பி நின்ற புல் இருந்தது அல்லவா, அதிலிருந்து மட்டும் எடுத்தோம். இன்னும் கொஞ்சம் ஆழம் கூடிய இடமாகப் பார்த்தோம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்து கடல் தெளிந்த பிறகு இறக்கினோம்.

புல் பிடித்தது.

ஒருநாள் முங்கியபோது சட்டத்துக்கு வெளியே, நாங்கள் நடாத மணலில், ஒரு பச்சைத் தளிர் தலைகாட்டி நின்றது. அதை நான் விரலால் தொடக்கூடப் பயந்தேன். அடுத்த முறை அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு சட்டங்களின் இடைவெளிகள் மூடிக்கொண்டன. கணவாய் வந்து வெள்ளை வெள்ளையாக முட்டை ஒட்டிவிட்டுப் போனது. கடல்குதிரை ஒன்று வாலால் புல்லைப் பிடித்துக்கொண்டு எங்களையே முறைத்தது.

அடுத்த கோடையிலும் கடல் சுட்டது. நுனிகள் பழுத்தன. நான் தினமும் செபமாலை உருட்டினேன். ஆனால் வேர் பிடியை விடவில்லை. சூடு தணிந்ததும் அடியிலிருந்து புதுப் பச்சை எழும்பியது.

மாதா கோவில் திருவிழாவுக்கு லாசர் வந்தார். திரும்பிப் போகிற எண்ணத்தோடுதான் வந்தார், பையைக்கூடப் பிரிக்கவில்லை. சும்மா கிடக்கிறதே என்று ஒரு காலையில் பழைய நண்டு வலையை எடுத்துக்கொண்டு போனவர், கூடை கனக்கத் திரும்பினார். கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய்ப் பையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டார். அன்று நான் வைத்த நண்டுக் குழம்பில் உப்பு கூடிவிட்டது. அவர் மூன்று முறை வாங்கி ஊற்றிக்கொண்டார்.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகுதான் அந்த வழுக்கைப் பாதையைப் பார்த்தேன்.

ரூபன் மேல் விழுந்த பழி

கரைக்கு வந்ததும் சிலுவக்கா நேராக ரூபனிடம் போனாள். ரூபன் பக்கத்துத் தெரு இளைஞன், புது மோட்டார் வாங்கியிருந்தான். அந்த வழியாக மோட்டார் வள்ளம் ஓட்டுகிறவன் அவன் ஒருவன்தான்.

"ஏலே, உன் மோட்டார் காத்தாடியால எங்க புல்லச் செரைச்சிட்டியேல! நாங்க பிள்ள மாதிரி வளத்தோம்ல!"

"ஐயோ, மாதா மேல சத்தியமா நான் இல்ல சித்தி. அங்கன நான் மோட்டாரத் தூக்கிட்டுத் துடுப்புத் தண்டுதான் போடுவேன்."

"அப்ப யாருல, பேயா வந்து மேஞ்சிச்சு?"

நான் கல்யாணியைப் போனில் பிடித்தேன். அவள் சென்னையில் ஒரு கூட்டத்தில் இருந்தாள். பாதை எப்படி வளைகிறது, எவ்வளவு அகலம், வேரும் போயிருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டாள்.

"அக்கா, எனக்கு ஒண்ணு தோணுது. ஆனா பாக்காம சொல்ல மாட்டேன். யார் கூடவும் சண்டை மட்டும் போட்டுராதீங்க."

சண்டைதான் முடிந்துவிட்டதே! ரூபனுக்கு முகம் தொங்கிப்போயிருந்தது. "நாளைக்கு விடிஞ்சதும் என் வள்ளத்துலயே வாங்க. சும்மா உக்காந்து பாப்போம். எவன் வாரான்னு எனக்கும் தெரியணும்" என்றான்.

இரவு முழுக்க நான் கொடியில் கிடந்த லாசரின் சட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். புல் போனால் அவையும் மறுபடி பைக்குள் போகும்.

அது வந்தது

காலையில் கடல் எண்ணெய் தடவியதுபோல இருந்தது. துறைமுகத்துப் பக்கம் கப்பல்கள் அசையாமல் நின்றன. ரூபன் மோட்டாரை அணைத்து, தண்டால் மெல்லத் தள்ளிக்கொண்டுபோய்ப் புல்வெளிக்குச் சற்றுத் தள்ளி வள்ளத்தை நிறுத்தினான். நாங்கள் ஐந்து பெண்கள். சிலுவக்கா மடியில் ஒரு சவுக்குக் கட்டை வைத்திருந்தாள்.

யாரும் வரவில்லை. வெயில் ஏறியது. தண்ணீர் தெளிந்து கீழே பச்சை தெரிந்தது.

திடீரென்று அந்தப் பச்சைக்கு நடுவில் மணல் புகைந்தது. அடுப்பை ஊதினால் சாம்பல் எழும்புமே, அப்படி. அந்தப் புகை மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே வந்தது.

"கீழ ஏதோ கிடக்கு" என்று ரூபன் கிசுகிசுத்தான்.

புகையிலிருந்து பழுப்பாக, வள்ளத்தில் பாதி நீளத்துக்கு, ஏதோ ஒன்று எழும்பியது. வழவழவென்ற முதுகு. பிறகு ஒரு தடித்த மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே வந்து, இரண்டு துளைகள் திறந்தன. புஸ்ஸென்று ஒரு மூச்சு. மேல் உதட்டில் எங்கள் புல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆவுளியா!" என்றாள் சிலுவக்கா. மடியிலிருந்த கட்டையை மெல்லக் கீழே வைத்தாள்.

கடல் பசு. எங்கள் தகப்பன்மார் காலத்தில் அதன் இறைச்சிக்காகவே பிடித்துத் தீர்த்தார்கள் என்று கேட்டிருக்கிறேன். இப்போது தொட்டாலே சிறை. தொடுவதற்கு எங்கே இருக்கிறது? இந்தப் பக்கத்தில் உயிரோடு பார்த்ததாகச் சொன்ன ஆளை நான் சந்தித்ததே இல்லை. அது புல்லைத் தவிர எதையும் தின்னாது. புல் செத்த கடலில் அதற்கு வேலை இல்லை.

நான் என் வாயைப் பொத்திக்கொண்டேன். ஏனென்றால் அதன் விலாவை ஒட்டி இன்னொரு மூக்கு எழும்பியது. சின்ன மூக்கு. புஸ்ஸென்று சின்ன மூச்சு.

"குட்டி" என்று நாங்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

தாய் மறுபடி கீழே இறங்கியது. குட்டியும் இறங்கியது. மணல் புகைந்தது. எங்கள் புல்லை வேரோடு பிடுங்கித் தின்றுகொண்டே வளைந்து வளைந்து போனது. அது போன தடத்தில் வழுக்கைப் பாதை விழுந்தது. பிள்ளை மாதிரி வளர்த்த புல் கண்ணெதிரே அழிகிறது. எங்களில் ஒருத்திக்கும் வருத்தம் இல்லை. தின்னு, தின்னு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சிலுவக்கா கையை வாயருகே கொண்டுபோனாள். குலவை போடப்போகிறாள் என்று புரிந்து ரூபன் அவள் கையைப் பிடித்தான். "சித்தி, பயந்துரும்!" அவள் அடக்கிக்கொண்டாள். அடக்கியதில் கண்ணிலிருந்து கொட்டியது.

கரையில்

பாதி வழி வந்ததும் அவளால் முடியவில்லை. எழுந்து நின்று போட்டாள் பாருங்கள் ஒரு குலவை! நாங்களும் சேர்ந்துகொண்டோம். ரூபன் மோட்டாரை முறுக்கினான். கரையில் இருந்தவர்கள் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தார்கள். லாசர் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வந்து வள்ளத்தைப் பிடித்தார்.

"என்னளா? யாருக்கு என்ன?"

"ஆவுளியாங்க. குட்டியோட. நம்ம புல்ல மேயுது."

அவர் என்னைப் பார்த்தார், ரூபனைப் பார்த்தார். ரூபன் தலையை ஆட்டினான். கடலிலேயே பிறந்து கடலிலேயே நரைத்த மனிதர், சின்னப் பையனைப்போல, "எனக்குக் காட்டுவியா?" என்று கேட்டார்.

"வாங்க, நாளைக்குப் போவோம்" என்றேன்.

சிலுவக்கா வள்ளத்திலிருந்து இறங்கி முதலில் செய்த காரியம், கூட்டத்துக்கு நடுவில் ரூபனின் இரண்டு கன்னத்தையும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டதுதான். "பழி போட்டுட்டேன்ல. மறந்துரு மக்கா" என்றாள். அவன் வெட்கத்தில் மோட்டாரைத் துடைக்கப் போய்விட்டான்.

கல்யாணிக்குப் போன் போட்டோம். நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்புமாகக் கேட்டது. சென்னைக் கூட்டத்திலிருந்து வெளியே ஓடிவந்துவிட்டாளாம். போனை ஸ்பீக்கரில் போட்டேன். கரையே காது கொடுத்து நின்றது.

"தாயும் குட்டியுமாக்கா? நெசமாவா? இடம் பிடிச்சிருந்தா அது திரும்பத் திரும்ப வரும். அது மேஞ்ச இடத்துல புல்லு மறுபடி தழைக்கும், பயப்படாதீங்க. ஆனா அது லேசுல வயிறு நிறையுத சீவன் இல்ல. விடிஞ்சதுல இருந்து பொழுது அடையுத வரைக்கும் மேயும்."

சிலுவக்கா ஈரத் தலையை உதறி முடிந்துகொண்டாள். கரையில் குவிந்து கிடந்த மூங்கில் சட்டங்களை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"கைப்பிள்ளக்காரி வீட்டுக்கு வந்திருக்கா. நாம வச்சிருக்கது அவளுக்கு ஒரு வேளைக்குக் காணாது. என்னளா பாத்துட்டு நிக்கிய? சணல எடுங்க."